பெல்ட் மாற்றுபவர் பலர், காரணம் சொல்பவர் சிலர்

ஹட்டனில் கராஜ்களுக்குப் பஞ்சமில்லை. டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ரோட்டோரம் எங்கு பார்த்தாலும் பாஸ்மார் இருக்கிறார்கள். டயர் கழற்ற, ஒயில் மாற்ற, பிரேக் ஷூ போட எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, நேற்றுத்தான் ஸ்பேனர் பிடித்த உங்களிடம் ஒரு கஸ்டமர் ஏன் வண்டியைக் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் முன்னேறுவார். பதில் இல்லாதவர் கடைசிவரை இன்னொருவரின் கராஜில் ஹெல்பராகவே இருப்பார்.

என் பதில் ஒரே சொல்தான்: டயக்னோசிஸ். பார்ட்ஸ் மாற்றுவது கைவேலை. எந்தப் பார்ட்ஸ் ஏன் கெட்டது என்று சொல்வது மூளைவேலை. சந்தையில் முதலாவதற்கு ஆள் நிறையக் கிடைக்கும், அதனால் கூலி குறைவு. இரண்டாவதற்கு ஆள் கிடைக்காது, அதனால் கேட்ட விலை கிடைக்கும்.

இதற்குச் சரியான பயிற்சிக்களம் ஒரு சாதாரண கம்ப்ளெய்ன்ட். ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் கீச்சென்று கத்துகிறது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அவசரக்காரரையும் நிதானக்காரரையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல பரீட்சை இல்லை. அவசரக்காரர் பெல்ட்டை மாற்றி அனுப்புவார், இரண்டு வாரத்தில் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வரும். நிதானக்காரர் காரணத்தைச் சொல்லி அனுப்புவார், அந்த வண்டிக்காரர் அடுத்த தடவை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

சந்தை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருடத்தில் ஆட்கள் புதுக்கார் வாங்கவில்லை, இருந்த காரையே இழுத்து ஓட்டினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டாத உயரம். ஆகவே பழைய ஆல்ட்டோ, பழைய டவுன்ஏஸ், டொல்பின் வேன் எல்லாம் இன்னும் நம் ஏத்தங்களில் ஓடுகின்றன. அவற்றை ஓடவைப்பவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஏன் இங்கே அதிகம் கத்துகிறது?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் படித்த பாடம் இங்கே பாதிதான் உதவும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அதே அளவு மூச்சுக் குறையும். டிரைவர் கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துவார். இன்ஜின் வேகம் திடீரென்று கூடும்போது, அதோடு பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டரும் அதே நொடியில் வேகமெடுக்க வேண்டும். பெல்ட்டுக்குப் பிடி போதாவிட்டால் அங்கே சறுக்கும். அந்தச் சறுக்கல்தான் நாம் கேட்கும் கீச்சுச் சத்தம்.

இதோடு பனியைச் சேருங்கள். காலைக் குளிரில் பற்றரி பலவீனமாக இருக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டைத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்னேட்டர் முதல் சில நிமிடம் கடுமையாக உழைக்கும். மூடுபனிக்கு ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஈரம் பெல்ட்டின் பிடியைக் குறைக்கும். தோட்டத்துப் பாதையில் தெறிக்கும் சேறும் மணலும் புல்லிப் பள்ளங்களில் போய் உட்காரும். இத்தனையையும் தாங்கும் பெல்ட் வெறும் ரப்பர்தான்.

இதை விளங்கிக்கொண்டால் கஸ்டமர் வாய் திறந்தவுடன் உங்கள் மூளை வேலைசெய்யத் தொடங்கும். இனி ஸ்டெப் ஸ்டெப்பாகப் போவோம்.

1. பொனட்டுக்கு முன் கேள்வி

வண்டி வந்தவுடன் பொனட்டைத் திறப்பது கெட்ட பழக்கம். முதலில் பேச விடுங்கள்.

"தம்பி, ஏத்தத்துல மிதிச்சா கீச்சுன்னு கத்துது. பெல்ட்ட மாத்திக் குடுங்க."

"மாத்தலாம் அண்ணே. காலையில முதல் ஸ்டார்ட்லயா கத்துது, சூடான பிறகுமா?"

"காலையிலதான். டிக்கோயா தாண்டினா நின்னுடும்."

"மழை நாள்ல கூடுதா? லைட்டப் போட்டா? கடைசியா யாரு, எப்ப பெல்ட்ல கை வெச்சது?"

இந்தக் கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. காலையில் கத்தி, ஓட ஓட நிற்கிறது என்றால் ஆல்டர்னேட்டர் லோட், ஈரம், தளர்ந்த பெல்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சூடானாலும் நிற்காமல் கத்தினால் பேரிங், புல்லி அலைன்மென்ட், ஒயில் பட்ட பெல்ட். "போன மாதம்தான் மாத்தினது" என்றால் தவறு பெல்ட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.

கவனியுங்கள், கஸ்டமர் கேட்டது பெல்ட். அவர் கேட்டதையே செய்து காசு வாங்கலாம், சட்டப்படி தவறில்லை. ஆனால் சத்தம் திரும்பினால் பழி உங்கள் தலையில்தான் விழும். அவர் சொன்னதை மறுக்காமல், மரியாதையாக, கேள்வியால் திருப்புங்கள். இந்த ஸ்கில் இன்டர்வியூவிலும் உதவும், சொந்தக் கராஜிலும் உதவும்.

2. இன்ஜினா, சக்கரமா?

அடுத்து சத்தம் எதோடு சேர்ந்து ஓடுகிறது என்று பிரியுங்கள். நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆக்சிலேட்டரை மெதுவாகவும் சட்டென்றும் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே கத்தினால் இன்ஜின் பக்கம். நின்றால் அமைதி, ஓடினால் மட்டும் கத்தல் என்றால் கிளட்ச், புரொப்பெல்லர் ஷாப்ட், பிரேக், ஹப் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கவனம்: சில பெல்ட்கள் ஏத்தத்தின் லோட் இல்லாமல் கத்தாது. அதனால் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஓட்டும்போது ஒரே வேகத்தில் கியரை மாற்றுங்கள். 30 கிலோமீற்றரில் இரண்டாம் கியர், பிறகு அதே 30 இல் மூன்றாம் கியர். சக்கர வேகம் ஒன்று, இன்ஜின் வேகம் வேறு. சத்தத்தின் சுருதி மாறினால் இன்ஜின், மாறாவிட்டால் சக்கரம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருளவிட்டு டெஸ்ட் பண்ணும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நம் பாதைகளில் அது உயிரோடு விளையாடும் வேலை, செய்யவே வேண்டாம்.

3. லோட் ஏற்றிக் குற்றவாளியைப் பேசவையுங்கள்

இன்ஜின் பக்கம் என்று தெரிந்ததும், பெல்ட்டில் தொங்கும் ஒவ்வொரு பார்ட்ஸுக்கும் தனித்தனியாக வேலை கொடுங்கள். ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், புளோவர் எல்லாம் போடுங்கள். சத்தம் கூடினால் ஆல்டர்னேட்டர் பக்கம். ஏசியைப் போட்டதும் கத்தினால் கம்ப்ரசர் பக்கம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியதும் கத்தினால் பவர் ஸ்டியரிங் பம்ப் பக்கம். ஏத்தத்து வளைவில் மட்டும் கத்துகிற பழைய வேன்களில் இதை முதலில் பாருங்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் அந்தப் பம்பே இருக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆல்டர்னேட்டரை ஏன் முதலில் சொன்னேன்? பெரும்பாலான இன்ஜின்களில் அதன் புல்லிதான் எல்லாவற்றிலும் சின்னது. பெல்ட் அதைச் சுற்றித் தொடும் பரப்பும் குறைவு. சறுக்குவதானால் முதலில் சறுக்கும் இடம் அதுதான்.

4. தண்ணீர்ப் போத்தல் டெஸ்ட்

ஸ்கேனர் கேட்காத, காசு கேட்காத டெஸ்ட் இது. ஸ்பிரே போத்தலில் சாதாரணத் தண்ணீர் எடுங்கள். இன்ஜின் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்து, பெல்ட்டின் வரிகள் உள்ள உட்பக்கத்தில் லேசாக அடியுங்கள். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள்.

தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் சறுக்குகிறது. டென்ஷன் போதவில்லை, அல்லது டென்ஷனர் சோர்ந்துவிட்டது, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது.

தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கி, சில நொடியில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. பெல்ட் கோணலாக ஓடி, பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறது. இந்த வண்டிக்கு எத்தனை புது பெல்ட் போட்டாலும் சத்தம் வரும். போல்ட் தளர்ந்த பிராக்கெட், தவறாகப் பொருத்திய ஆல்டர்னேட்டர், வளைந்த புல்லி என்று தேட வேண்டும்.

தண்ணீர் பட்டும் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங் பக்கம் போங்கள்.

இந்த டெஸ்டைக் கஸ்டமர் முன்னால் செய்யுங்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு அடியுங்கள். சொன்னபடி நடந்தால், ஒரு போத்தல் தண்ணீரில் நீங்கள் சம்பாதிக்கும் நம்பிக்கையைப் பெயர்ப்பலகையால் வாங்க முடியாது.

5. பெல்ட்டை வாசிக்கப் பழகுங்கள்

இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பெல்ட்டைப் பாருங்கள். பக்கம் பளபளவென்று கண்ணாடிபோல மின்னினால் சறுக்கிச் சூடேறி இறுகிவிட்டது. ஈரமாக, வீங்கி, மிருதுவாக இருந்தால் ஒயிலோ கூலன்ட்டோ பட்டிருக்கிறது. கசிவை அடைக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் அதே கதிதான். ஒரு ஓரம் மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தால் அலைன்மென்ட் தவறு.

இன்னொரு விஷயத்தில் பழைய பாஸ்மாரே தவறிவிடுகிறார்கள். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட் கெட்டால் வெடிப்பு விழும். இப்போது வரும் ஈபிடிஎம் பெல்ட் எளிதில் வெடிக்காது, டயர் தேய்வதுபோல உள்ளே வரிகள் தேய்ந்து பள்ளம் அகலும். கண்ணுக்கு நல்ல பெல்ட்போலவே தெரியும். வெடிப்பு இல்லை என்பதற்காக அதைப் பாஸ் பண்ணிவிடாதீர்கள். புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து வரிகளின் ஆழத்தை ஒப்பிடுங்கள்.

பெல்ட்டின் முதுகில் உள்ள நம்பரையும் வாசியுங்கள். 4பிகே850 என்றால் நான்கு வரி, 850 மில்லிமீற்றர் நீளம். போனில் ஓர்டர் கொடுக்கும்போது இந்த நம்பரைச் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைக்காரர் "ஆல்ட்டோ பெல்ட் ஒண்ணு" என்பவரிடம் பேசும் விதமும், நம்பர் சொல்பவரிடம் பேசும் விதமும் வேறு. வண்டியில் கிடக்கும் பெல்ட்டே யாரோ போட்ட தவறான சைஸாக இருக்கலாம். அதனால் மொடல் கோடையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

6. பெல்ட்டைக் கழற்றி, விரலால் கேளுங்கள்

பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது கரகரக்கும், இடையில் தட்டும், அல்லது கிரீஸ் வற்றி அளவுக்கு மீறி லேசாகச் சுற்றும். பிறகு பிடித்து ஆட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் புல்லி ஆடினால், அதன் கீழே உள்ள சின்னத் துவாரத்தில் கூலன்ட் வடிந்த காய்ந்த கறை இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பம்ப் போகும் நாள் தூரத்தில் இல்லை. ரம்பொடை ஏத்தத்தில் அது போனால் இன்ஜின் ஹெட்டும் சேர்ந்து போகும். கஸ்டமருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை இதுதான்.

சந்தேகம் தீராவிட்டால், பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் காரணம் பெல்ட்டோ அது ஓட்டும் பார்ட்ஸோதான். வாட்டர் பம்ப் நின்றிருக்கும், ஆகவே நீட்டிக்காதீர்கள்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குளிருக்கு மப்ளர், தொளதொள ஸ்வெட்டர் போட்டுத்தான் வேலைக்கு வருகிறோம். ஓடும் பெல்ட் அருகே குனிவதற்கு முன் மப்ளரைக் கழற்றுங்கள், கையை முழங்கைவரை மடியுங்கள், கழுத்துச் செயினை உள்ளே போடுங்கள். விரல் போன மெக்கானிக்குக் கரியரும் போகும்.

7. டென்ஷன்: சரியான அளவுக்கு மட்டும்

பழைய கார்களில் போல்ட்டைத் தளர்த்தி கையால் டென்ஷன் வைக்கிறோம். கத்தாமல் இருக்கட்டும் என்று ஒரேயடியாக இறுக்குவது நம்மிடம் பரவலான தவறு. சத்தம் நிற்கும், உண்மை. சில மாதத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோ கத்தத் தொடங்கும். ஒரு பெல்ட் செலவு மூன்று மடங்காகத் திரும்பும்.

இரண்டு புல்லிகளுக்கு நடுவில் சுமார் 10 கிலோ விசையில் அமுக்கி, எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பொதுவான முறை. எவ்வளவு இறங்கலாம் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், புதுப் பெல்ட்டுக்கும் ஓடிய பெல்ட்டுக்கும் மாறும். அந்த மொடலின் சர்விஸ் மெனுவலைப் போனில் இறக்கி வையுங்கள். புதுப் பெல்ட் கொஞ்சம் ஓடியதும் நீளும், மறுபடி செக் பண்ண வரச் சொல்லுங்கள். அது ஐந்து நிமிட வேலை. கஸ்டமர் இரண்டாவது முறை உங்கள் வாசலுக்கு வருவார் என்பதுதான் உங்கள் லாபம்.

ஆட்டோ டென்ஷனர் உள்ள வண்டியில் இறுக்குவதற்கு ஒன்றுமில்லை. ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் யூனிட்டையே மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது டென்ஷனர் கை அதிகமாகத் துள்ளினால் அதைச் சந்தேகியுங்கள்.

சவர்க்காரம் தேய்ப்பது, மெழுகுதிரி தேய்ப்பது, பெல்ட் ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தை மறைக்கும் வேலை. தூசியை ஒட்டவைத்துப் பெல்ட்டை இன்னும் கெடுக்கும். இதற்குக் காசு வாங்குபவர் தன் பெயரை விற்கிறார்.

8. பெல்ட் நிரபராதி என்றால்

இங்கேதான் போட்டியாளர்கள் கைவிடுவார்கள். நீங்கள் தொடருங்கள்.

எக்சோஸ்ட் கசிவு: மேனிபோல்ட் கேஸ்கட் விட்டிருந்தால் மிதிக்கும்போது கீச்சென்றோ டிக்டிக்கென்றோ வரும். இன்ஜின் குளிராக இருக்கையில் அதிகம், சூடேறி உலோகம் விரிந்ததும் குறையும். இணைப்பில் கரி படிந்திருக்கும். பனிக்காகக் கண்ணாடி மூடி ஓட்டும் நம் ஊரில் இந்தக் கசிவு ஆபத்தானது, கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை இல்லை. தள்ளிப்போடாமல் சரிசெய்யச் சொல்லுங்கள்.

டர்போ ஹோஸ்: டீசல் வேன், லொறிகளில் மிதிக்கும்போது மட்டும் விசில், கூடவே இழுவைக் குறைவு, கறுப்புப் புகை என்றால் ஹோஸில் வெடிப்பு, அல்லது கிளிப் தளர்வு.

யூனிவர்சல் ஜொயின்ட்: பின்சக்கரம் ஓட்டும் வேன்களில் புறப்படும்போது கீச், கீச் என்று தாளம் பிசகாமல் வந்து, வேகத்தோடு தாளமும் கூடினால் கிரீஸ் வற்றிய ஜொயின்ட்.

பிரேக் பேட்: இறக்கத்தில் பிரேக்கை நம்பியே வருபவர்களின் வண்டியில் பேட் சீக்கிரம் தேயும். தேய்வு காட்டும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் சக்கரத்தைக் கழற்றுங்கள். இதோடு வண்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கிளட்ச்: பெடலை அழுத்தும்போது கத்தினால் ரிலீஸ் பேரிங். இன்ஜின் வேகம் மட்டும் ஏறி, வண்டி ஏறாமல், கருகல் வாசனை வந்தால் கிளட்ச் பிளேட்.

9. மொடலைப் படிக்காமல் வாய் திறக்காதீர்கள்

2009 இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸிலும், பிறகு வந்த அக்குவாவிலும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஓட்டும் பெல்ட்டே கிடையாது. பம்ப் எலெக்ட்ரிக். இந்தக் காரைப் பார்த்து "பெல்ட் போயிருக்கும்" என்று சொன்னால் அந்த நொடியோடு உங்கள் மதிப்பும் போகும். மிதிக்கும்போது வரும் மெல்லிய மோட்டார் ரீங்காரம் அவற்றில் இயல்பு. செம்மஞ்சள் நிற வயர்களில் பயிற்சி இல்லாமல் கை வைக்காதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

நேர்மாறாக, சுசுகி 2014 இல் வேகன் ஆரில் கொண்டுவந்த எஸ்-எனசார்ஜ் முறையில் பெல்ட்டுக்கு இரட்டை வேலை. இன்ஜின் பெல்ட்டைச் சுற்றும், மிதிக்கும்போது மோட்டாரும் அதே பெல்ட் வழியே இன்ஜினுக்குக் கை கொடுக்கும். சிக்னலில் நின்ற இன்ஜினை மீண்டும் ஸ்டார்ட் பண்ணுவதும் அதே பெல்ட்தான். இதற்கு மலிவான ஏதோ ஒரு பெல்ட் போட்டால் கத்தும். அதற்கென்று சொன்ன ஸ்பெக்கில் போடுங்கள். த்ரீவீலரிலோ இப்படியொரு பெல்ட்டே இல்லை, அங்கே கத்தினால் பிரேக் ஷூவிலிருந்து தொடங்குங்கள்.

10. ஒப்படைப்பதும் வேலையின் பாதி

ஏத்தத்தில் வந்த சத்தத்தை ஏத்தத்தில்தான் இல்லையென்று நிரூபிக்க வேண்டும். கஸ்டமரைப் பக்கத்தில் உட்காரவைத்து, லைட்டும் ஏசியும் போட்டு ஓட்டிக் காட்டுங்கள். காலைச் சத்தம் என்றால், முடிந்தால் வண்டியை இரவு நிறுத்திவைத்து முதல் ஸ்டார்ட்டில் கேளுங்கள்.

வேலை தொடங்குமுன் விலை சொல்லுங்கள். டயக்னோசிஸுக்குத் தனிக்கூலி வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். காரணம் கண்டுபிடித்த நேரத்துக்கு அது உங்கள் சம்பளம். கழற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் கொடுத்து, கெட்ட இடத்தைக் காட்டுங்கள். சத்தத்தை முன்னும் பின்னும் போனில் ரெகோர்ட் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு கொப்பியில் வண்டி மொடல், கிலோமீற்றர், அறிகுறி, காரணம், போட்ட பார்ட்ஸ் நம்பர் எல்லாம் எழுதுங்கள். ஓராண்டு எழுதிய கொப்பி, எந்த டீச்சரும் தராத பாடப்புத்தகம்.

பாஷையும் ஒரு டூல்தான். சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் போயாவிலிருந்து மே போயாவரை, நாடெங்கிலுமிருந்து வேன்கள் ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகின்றன. ஏப்ரலில் கொழும்பே நுவரெலியாவுக்கு வந்துவிடும். கீழ்நாட்டில் கத்தாத பெல்ட் இங்கே வந்ததும் கத்தும். சிங்களத்திலும் ஓரளவு ஆங்கிலத்திலும் காரணத்தை விளக்கத் தெரிந்தவருக்கு அந்த மாதங்கள் அறுவடை.

11. கைத்திறமைக்குப் பேப்பர் வாங்குங்கள்

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சர்ட்டிபிகேட் இல்லாதவரின் சீவி மேசையில் அடிக்குப் போகும். என்விகியூ சான்றிதழ் 1 முதல் 7 வரை ஏழு மட்டம். முதல் நான்கும் சர்ட்டிபிகேட், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஹட்டனிலேயே தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும், பயிலுநர் பயிற்சிக்கு நைட்டாவும் இருக்கின்றன. தூரம் போக முடிந்தவர்கள் 1959 இல் தொடங்கிய மொரட்டுவை இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்துக்கு முயற்சி செய்யுங்கள். பெண் பிள்ளைகளும் விண்ணப்பியுங்கள், காது கூர்மைக்கு ஆண் பெண் கிடையாது.

ஏற்கெனவே கராஜில் வருடக்கணக்காக வேலை செய்பவரா? முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ தரும் ஆர்பிஎல் முறை உங்களுக்காகத்தான். மேலே சொன்ன கொப்பி அங்கே உங்கள் சாட்சி. கட்டார், சவூதி என்று கனவு காண்பவர்களுக்கும் இந்தப் பேப்பர்தான் முதல் படி.

பெரிய வேர்க்ஷொப் இன்டர்வியூவில் மனேஜர் இதையே கேட்கலாம்: "ஆக்சிலரேட் பண்ணும்போது கத்துது, என்ன செய்வீங்க?" பக்கத்து நாற்காலிக்காரர் "பெல்ட்ட மாத்துவேன் சேர்" என்பார். நீங்கள் சொல்லுங்கள்: "முதலில் கஸ்டமரிடம் கேட்பேன், இன்ஜினா சக்கரமா என்று பிரிப்பேன், லோட் ஏற்றுவேன், தண்ணீர் டெஸ்ட் செய்வேன், பெல்ட்டைக் கழற்றி பேரிங் பார்ப்பேன், சரிசெய்து ஏத்தத்தில் ஓட்டிக் காட்டுவேன்." அரை நிமிடப் பதில். வேலை யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாளைக்கே ஒரு ஸ்பிரே போத்தலும் ஒரு கொப்பியும் வாங்குங்கள். அடுத்து வரும் கீச்சுச் சத்தத்தில் ஸ்பேனரைத் தொடுமுன் காரணத்தைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து, எழுதியது சரியா என்று சோதியுங்கள். தவறினால் ஏன் தவறியது என்றும் எழுதுங்கள். இந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்தால், பக்கத்துக் கராஜ் பாஸே தனக்குப் புரியாத வண்டியை உங்களிடம் அனுப்பும் காலம் வரும்.